இன்னும் முடியாத சுவர்

எங்கள் வீட்டு ஹோலில் கடல் பக்கத்துச் சுவருக்கு யன்னல் கிடையாது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு யன்னல் இருந்தது. கட்டி முடித்துக் கதவுத் திறப்பைக் கையில் தந்தபோது இல்லை. மன்னாரில், கீரிக் கடற்கரையில் வீடு கிடைத்தும் கடலைப் பார்க்க முற்றத்துக்கு வரவேண்டியிருக்கிறதே என்று மனைவி கனநாள் முணுமுணுத்தாள். நான் வீட்டுத்திட்டக் கந்தோருக்குப் போய்க் கேட்டேன். நாளைக்கு வாங்கோ என்றார்கள். அந்த நாளை இன்னும் வரவில்லை. இன்றைக்கு யோசித்தால், யன்னலை மறந்த அந்த மேசனைத் தேடிப் பிடித்து ஒரு பிளேன்ரீயாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. வாசலால் வருகிற காலை வெளிச்சம் நேரே போய் விழுகிற, ஓட்டையில்லாத ஒரு முழுச் சுவர் எனக்குக் கிடைத்தது அவரால்தான்.

ஊரில் என்னைப் பெயின்ற் அடிக்கிறவர் என்றுதான் தெரியும். அது சரியான விவரம். பள்ளிக்கூடம், கோயில், கடை, வீடு, எங்கே கூப்பிட்டாலும் போவேன். மற்றதாக நான் செய்வதற்கு ஊரில் பெயர் இல்லை. படம் கீறுகிறவர் என்று யாரோ ஒருமுறை சொல்லிவைக்க, பங்குச் சுவாமியார் ஆளனுப்பிக் கூப்பிட்டார். கோயில் முற்றத்துக் கெபியில் இருக்கிற புனிதருடைய முகம் மங்கிவிட்டது, திருத்தித் தரவேண்டும் என்றார். எனக்கு முகம் கீறத் தெரியாது என்றேன். சரி, காலடியில் உள்ள மீன்களையாவது திருத்துங்கோ என்றார். மீனும் தெரியாது என்றேன். மீன் கீறத் தெரியாத ஓர் ஓவியன் மன்னார்த் தீவில் இருக்க முடியும் என்பதை அவர் நம்பவில்லை. எனக்குத் திமிர் என்று நினைத்திருப்பார். கொஞ்சம் திமிரும் இருந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் சொன்னது உண்மை. நான் எதையும் கீறுவதில்லை. பூசுகிறேன், பிறகு தேய்த்து எடுக்கிறேன். எடுத்ததில் எது மிஞ்சுகிறதோ அதுதான் படம்.

இது தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்த காலத்தில் கையில் ஒட்டியது. முகாமில் ஆண்பிள்ளைகள் பாதிப்பேருக்குப் பெயின்ற் வேலைதான். காலையில் வண்டி வரும், ஏற்றிக்கொண்டு போய் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் இறக்கிவிடும். பழைய சுவரைச் சுரண்ட வேண்டும், வெடிப்புகளைப் பட்டி வைத்து அடைக்க வேண்டும், உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், பிறகு அடிப்பூச்சாக வெள்ளைப் பிறைமர், அதற்குமேல்தான் நிறம். நான் சுரண்டுகிற ஆள். ஒரு பழைய வீட்டில் பச்சையைச் சுரண்டினால் கீழே ரோஸ் வந்தது. ரோஸைச் சுரண்டினால் நீலம் கலந்த சுண்ணாம்பு வந்தது. யாரோ ஒரு பெண் ரோஸ் வேண்டுமென்று அடம்பிடித்திருப்பாள், அவள் போனபிறகு யாரோ பச்சை கேட்டிருப்பார். மூன்றும் ஒரே இடத்தில் கிழிந்து தெரிந்தபோது எனக்குச் சுரண்டக் கை வரவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மேஸ்திரி முதுகில் ஒரு தட்டுத் தட்டி, பராக்குப் பார்க்கவா கூட்டிவந்தேன் என்று ஏசினார். பின்னேரத்துக்குள் முழுச் சுவரையும் வெளிர் மஞ்சளாக்கிவிட்டு வந்தோம். வீட்டுக்காரர் வெகு சந்தோஷம். எனக்கு மட்டும், இருந்த படம் ஒன்றை மூடிவிட்டு வந்தது போல அன்று சோறு இறங்கவில்லை.

மனைவியும் என்னோடு அதே வேலைக்கு வந்தாள். முகாமிலேயே கலியாணம் முடித்தவர்கள் நாங்கள். அவள் தேய்க்கிற ஆள். தேய்த்து முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டு போவாள். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கை சொல்லும். அவள் சரி என்று சொன்ன சுவரில் மேஸ்திரி மறுபடி கை வைத்துப் பார்க்கமாட்டார். அப்போதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் பேச நேரம் இருக்காது. ஆனால் ஒரே சுவரில் நான் மேலேயும் அவள் கீழேயுமாக நிற்போம். அது ஒரு பெரிய துணை என்று அப்போது தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்தோம், வீடு கிடைத்தது, மகளுக்குக் கலியாணமாயிற்று. மருமகனுக்குக் கொழும்புத் துறைமுகப் பக்கம் வேலை என்பதால் வத்தளையில் குடியிருந்தார்கள். முதல் பிள்ளைக்கு மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது மனைவி போனாள். மூன்று மாதம் என்று சொல்லித்தான் போனாள். மூன்று மாதம் முடிந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல். பிறகு மகளுக்கு வேலை. பிறகு இரண்டாவது பிள்ளை. இடையிடையே வருவாள், வந்த களைப்பு ஆறுவதற்குள் போய்விடுவாள். யாரையும் குறை சொல்லமுடியாது. மகளுக்குத் தாய் வேண்டும், பிள்ளைகளுக்கு அம்மம்மா வேண்டும். எனக்கு வேண்டும் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வயதுபோன மனிதன், சமைக்கத் தெரியும், தொழில் இருக்கிறது, பிறகென்ன? நான் தனிமையில் செத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. அதை எந்த வாயால் சொல்வது?

அவள் போன முதல் மாரியிலேயே அந்தச் சுவரில் உப்புப் பூத்தது. கடல் மணல் கலந்து அரிந்த சிமெந்துக் கல்லாக இருக்கவேண்டும். ஒரு சாண் அகலத்துக்குப் பெயின்ற் பொருக்கு விட்டு உதிர்ந்தது. பட்டி வைத்து அடைத்துத் தேய்த்தேன். தேய்க்கும்போது பட்டியின் ஓரத்தில் பழைய நிறம் ஒரு மெல்லிய கோடாக வந்து நின்றது. நிறுத்திவிட்டேன். அதற்குமேல் ஒரு நிறம் பூசினால் என்ன என்று தோன்றியது. பின்பக்கம் வேலைகளில் மிஞ்சிய தகரங்கள் கிடந்தன. பள்ளிக்கூடத்துக் கிறீம், கோயில் நீலம், ஒரு படகுக்காரர் தந்த சிவப்பு எனாமல். பூசினேன். அடுத்தநாள் தேய்த்தேன். வேலைக்குப் போகாத நாட்களில் எல்லாம் அதுதான் வேலை என்றாயிற்று.

நிறம் என்று நான் ஒருநாளும் காசு கொடுத்து வாங்கியதில்லை. மற்றவர்களுடைய சுவர்களில் மிஞ்சியதுதான் என்னுடைய நிறம். தூரிகை கிடையாது. பட்டித் தகடு, உப்புத்தாள், ஈரத் துணி, சில நேரம் தேங்காய்ப் பொச்சுமட்டை. எண்ணெய்ப் பெயின்றையும் தண்ணீர்ப் பெயின்றையும் ஒன்றின்மேல் ஒன்று அடிக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அடித்தால் சுருங்கும், வெடிக்கும், உரியும். நான் வேண்டுமென்றே அடித்தேன். சுருங்கிய இடத்தைத் தேய்த்தால் வருகிற கோடுகளை எந்தக் கையாலும் போடமுடியாது. சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் எல்லாம் சட்டென்று காயும், அப்போது பூசுவேன். மாரி மழையோடு வாடைக் காற்று தொடங்கினால் சுவர் காயாது, அப்போது தேய்ப்பது மட்டும். கச்சான் காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து ஈரப் பெயின்றில் ஒட்டிவிடும் நாட்களில் முதலில் கதவைச் சாத்திக்கொண்டு ஏசினேன். பிறகு கதவைத் திறந்துவிட்டேன்.

என்ன படம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அது கடலும் இல்லை, வானமும் இல்லை. பக்கத்து வளவில் இருக்கிற, நான் தம்பி என்று கூப்பிடுகிற பெடியன்தான் அதைப் பார்க்கிற ஒரே ஆள். கடற்றொழில் செய்கிறவன். காலையில் வலையை உதறிப் போட்டுவிட்டு வந்து என் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடிப்பான். சுவரைப் பார்த்து, அண்ணை, இண்டைக்குக் கலக்கம் கூடிப்போச்சு என்பான். அவனுக்கு அது கடல். கடல் இல்லையடா என்று நான் சொல்லுவேன். ஓம் ஓம் என்பான், அடுத்தநாள் வந்து நீரோட்டம் மாறிவிட்டது என்பான். எனக்கு எரிச்சல் வரும். ஒரு பொருளைப் போல இருக்கிறது என்று சொன்ன உடனே படம் செத்துவிடுகிறது என்பது என் எண்ணம். ஆனாலும் அவன் ஒருநாள் வராவிட்டால் இரண்டு தரம் வேலிப் பக்கம் போய் எட்டிப் பார்ப்பேன்.

சில பலகைத் துண்டுகளிலும் இதையே செய்து பார்த்தேன். தலைமன்னார் வீதியில் வெளிநாட்டுக்காரர் காற்றுப் பட்டம் கட்டிக் கடலில் ஓட வருகிற விடுதி ஒன்றுக்கு நான்தான் பெயின்ற் அடித்தேன். அந்த முதலாளி ஒரு பலகையை வாங்கிச் சாப்பாட்டு மேசைக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிட்டார். நான் திருத்தச் சொல்லவில்லை, அப்படியும் மோசமாக இல்லை. அங்கே தங்கியிருந்த ஒரு கொழும்புப் பெண்மணி என்னைக் கூப்பிட்டு, இதற்கு அரூப ஓவியம் என்று பெயர், உலகம் முழுக்கச் செய்கிறார்கள் என்று சொன்னார். எனக்கு நோய்க்குப் பெயர் தெரிந்தவனைப்போல ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. நான் மட்டும் செய்கிறேன் என்று இருந்தேனே. போனில் தேடிப் பார்த்தேன். வேறு நாட்டு மனிதர்களுடைய படங்கள் வரிசையாக வந்தன. பிறகு கனநாள் சுவருக்குக் கிட்டப் போகப் பிடிக்கவில்லை. ஒருநாள் உப்பு மறுபடி பூத்தது, பட்டி வைக்கவேண்டி வந்தது, தொடங்கிவிட்டேன். மற்றவர்களுடையதைப் பார்ப்பதை அத்தோடு விட்டுவிட்டேன்.

பலகையில் ஓரிடத்தில் கை தயங்கும். அதோடு நிறுத்திவிடுவேன். சுவரில் மட்டும் எனக்கு நிறுத்த முடியவில்லை. இது முடிந்துவிட்டது என்று ஒரு காலையில் தோன்றும், பின்னேரம் உப்புத்தாளை எடுத்துவிடுவேன். வேலை நடந்துகொண்டிருக்கிற வீட்டை ஆளில்லாத வீடு என்று சொல்லமுடியாது. சுவர் முடிந்தால் அடுத்தநாள் காலையில் நான் எழும்பி என்ன செய்வேன்? இந்தக் கேள்விக்குப் பயந்து நான் வருடக்கணக்காக ஒரே சுவரைத் தேய்த்தேன்.

மனைவி தினமும் செபமாலை சொல்லி முடித்துவிட்டுப் போன் எடுப்பாள். சாப்பிட்டீங்களோ, என்ன கறி, மீன் கிடைச்சதோ. இடையில் பிள்ளைகள் போனைப் பறித்துக் கத்துவார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். ஒருமுறை, பெரிய தைரியம் வந்து, சுவரைப் படம் எடுத்து மகளுடைய போனுக்கு அனுப்பினேன். மகள் குரல் பதிவில் பதில் போட்டாள். கூரை ஒழுகுகிறதா, சுவர் ஊறிவிட்டதா என்று அம்மா கேட்கிறாள் என்றாள். ஒழுகவில்லை என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். படத்தில் தெரியாது, வந்த வேகத்தில் ஓடுகிறபோதும் வேலை முடியாத சுவர் என்றுதான் தெரியும், அவள் ஆறுதலாக நின்று பார்க்கவேண்டும் என்று முடிவு செய்தேன். சுவரில் கை வைத்தால் அவளுக்கு விளங்கும். எனக்குச் சொல்ல வராததெல்லாம் அதில்தான் இருந்தது. அதைப் பார்த்தால் போகமாட்டாள் என்றுகூட நம்பினேன்.

சின்னப் பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் அவள் மார்கழியில் நத்தார்ப் பெருநாளுக்கு வந்தாள். மகளும் மருமகனும் பிள்ளைகளும் நத்தாருக்கு முந்தினநாள் வருவார்கள், தான் முன்னுக்கு வந்து வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று சொல்லியிருந்தாள். மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கியபோது பெரிய பையோடு தன்னுடைய தலையணையையும் கொண்டுவந்திருந்தாள். வேறு தலையணையில் அவளுக்கு நித்திரை வராது. நாலு நாளைக்கு வருகிறவள் தலையணை கொண்டுவருவாளா? பிறகு ஆட்டோவில் வரும்வழியெல்லாம் அந்தத் தலையணையை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் வந்து பையை வைத்ததும் நேரே சுவருக்கு முன்னால் போய் நின்றாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் கண்ணை மூடி உள்ளங்கையை வைத்தாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை மெல்லத் தடவிக்கொண்டு போனாள்.

"நல்லாத் தேச்சிருக்கிறீங்கள்" என்றாள்.

அதைவிட நல்ல விமர்சனம் எந்த ஓவியனுக்கும் கிடைத்திராது.

"இன்னும் முடிக்கேல்லையோ?"

"இல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே முடியவில்லை.

அவள் தலையை ஆட்டிவிட்டுக் குசினிக்கு உலை வைக்கப் போனாள். விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இவ்வளவு காலமும் நான் ஒருவரோடும் பேசாத ஒரு பேச்சு முடிந்துவிட்டது போல அன்று முழுக்க நெஞ்சு லேசாக இருந்தது.

அடுத்தநாள் நான் விடத்தல்தீவுக்குப் போகவேண்டியிருந்தது. நத்தாருக்கு முன் அங்கே ஒரு மண்டபத்துக்குப் பெயின்ற் அடித்து முடிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மழை விட்டுவிட்டுப் பெய்ததால் அங்கேயே தங்கித்தான் செய்யமுடியும். அவளைத் தனிய விட்டுவிட்டுப் போக மனமில்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ, எனக்கு இஞ்ச வேலை இருக்கு என்றாள். பாலத்தால் பஸ் போகும்போது எனக்கு வேறொரு சந்தோஷம் பிடித்துக்கொண்டது. நான் இல்லாத நேரத்தில் அவள் சுவரோடு தனிய இருப்பாள். காலையில் கதவைத் திறப்பாள், வெளிச்சம் போய் அதில் விழும், குசினிக்கும் ஹோலுக்கும் நடக்கிற நேரமெல்லாம் கண்ணில் படும். யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மண்டபத்தில் உருளையால் கிறீம் ஓட்டிக்கொண்டு நான் பாட்டுக்கூடப் பாடினேன். கூட வேலை செய்தவர்கள் நத்தார் இவருக்கு முன்னுக்கே வந்துவிட்டது என்று பகிடி பண்ணினார்கள்.

திரும்பி வந்து படலையைத் திறக்கும்போதே பிறைமர் மணம் வந்தது. தொழில்காரனுக்கு அந்த மணம் தெரியாமல் போகாது. குசினிச் சுவருக்கு அடித்திருப்பாள் என்று நினைத்தேன்.

ஹோல் வெள்ளையாக இருந்தது. கடல் பக்கத்துச் சுவர், மேலிருந்து கீழ்வரை, மூலைக்கு மூலை, ஒரே வெள்ளை. அவள் மேசைமேல் கதிரையை வைத்து ஏறியிருக்கிறாள். இரண்டும் இன்னும் அங்கேயே நின்றன. தலைமயிரிலும் புருவத்திலும் வெள்ளை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தனிய எவ்வளவெண்டு செய்வீங்கள். பட்டி வைச்சு, தேச்சு, எல்லாம் பாத்துத்தானே வைச்சிருந்தீங்கள். மேல் பூச்சுத்தானே மிச்சம். ரெண்டு தரம் ஓட்டினனான், கையை வைச்சுப் பாருங்கோ."

எங்கள் தொழிலில் இல்லாத ஒருத்தி என்றால் அந்தச் சுவரில் கை வைத்திருக்கவே மாட்டாள். அழுக்கு என்று நினைத்திருப்பாள், பைத்தியம் என்று நினைத்திருப்பாள், எப்படியோ விட்டிருப்பாள். பல நிறம் கிழிந்து தெரிகிற, பட்டி வைத்துத் தேய்த்த சுவர் என்றால், அது பிறைமருக்குக் காத்திருக்கிறது என்று பெயின்ற்காரன் பெண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும். நத்தார் வருகிறது. ஊரெல்லாம் வெள்ளையடித்தாயிற்று. பெயின்ற் அடிக்கிறவன் வீட்டுச் சுவர் மட்டும் பொட்டுப்பொட்டாக நிற்கிறது. மருமகன் வரப்போகிறார். மிச்சத்தை அவள் முடித்துவிட்டாள்.

நான் கையை வைத்துப் பார்த்தேன். பழக்க தோஷம். ஒரு மேடு இல்லை, உருளையின் ஒரு கோடு இல்லை. ஒரு குறையும் என்னால் பிடிக்க முடியவில்லை. அந்தக் கணத்தில் அவளை நான் வெறுத்தேன். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். மழைத்தூறல். யாரும் இல்லை. அங்கே இருந்து வாய்விட்டு அழுதேன். அழுவது படத்துக்காகவா, அல்லது அவள் அதில் ஒன்றையும் காணவில்லை என்பதற்காகவா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாவதுதான் கூட வலித்தது.

அடுத்தநாள் காலையில் பக்கத்து வளவுத் தம்பி ஒரு பையில் மீனோடு வந்தான். மனைவி பிளேன்ரீ கொடுத்தாள். அவன் கதிரையில் இருந்தபடி நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். கடலுக்கு என்ன நடந்தது அக்கா என்று கேட்டான். எந்தக் கடல் என்றாள். சொல்லாதே என்று நான் கண்ணால் காட்டினேன், அவன் கவனிக்கவில்லை. அண்ணை எத்தனையோ வருசமாகக் கீறின படம், நான் தினம் வந்து பார்க்கிறது என்று முழுவதையும் சொல்லிவிட்டான். சொன்னபிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். பிளேன்ரீயைக் குடித்து முடிக்காமல் எழும்பிப் போய்விட்டான்.

அவள் மீனை வெட்டினாள், கறி வைத்தாள், எனக்குச் சோறு போட்டுத் தந்தாள், தான் சாப்பிடவில்லை. நான் கொஞ்சம் சரிந்து படுத்தேன். உப்புத்தாள் உரசுகிற சத்தம் கேட்டு எழும்பி வந்தபோது அவள் சுவருக்கு முன்னால் குந்திக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். வாடைக் காலத்துப் பூச்சு, உள்ளே காயவில்லை. வெள்ளை சுருண்டு சுருண்டு வந்தது, அதோடு கீழே இருந்த நீலமும் சிவப்பும் சேர்ந்து வந்தன. எது என்னுடையது, எது அவளுடையது என்று தாளுக்குத் தெரியாது. ஒரு கையகலத்தில் சிமெந்தே வந்துவிட்டது. அவள் அப்போதும் நிறுத்தவில்லை. நான் போய் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இதில என்ன இருந்தது?" என்று கேட்டாள்.

தம்பிக்கு நான் தினமும் சொல்லுகிற பதில் ஒன்று இருந்தது. ஒன்றுமில்லை, அது ஒன்றையும் பற்றிய படம் இல்லை. அதையே சொல்ல வாயெடுத்தேன். வேறொன்று வந்தது.

"நீ இல்லாததுதான் இருந்தது."

அவள் அந்தச் சிமெந்துத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. பிறகு சொன்னாள்.

"அப்ப நான் வந்து பூசினது பிழையில்லைத்தானே."

என்ன மனுசி இவள் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. சுவருக்கு முதுகைச் சாய்த்துக்கொண்டு நிலத்தில் இருந்தோம். என் சேட் முதுகெல்லாம் வெள்ளை. என் வாழ்க்கையில் என் படத்தைப் பற்றி ஒருவர் சொன்னதில் இதைவிடச் சரியான ஒன்றை நான் கேட்டதில்லை. போகாதே என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள். சுவருக்கு முன்னால் பாலன் குடில் வைத்தோம், சிமெந்து தெரிந்த இடத்தில் பேத்தி ஒரு கடதாசி நட்சத்திரத்தை ஒட்டினாள். வீடு இப்போதுதான் வீடாக இருக்கிறது என்றார் மருமகன். நடுச்சாமப் பூசைக்குப் போய்வந்து பலகாரம் சாப்பிட்டோம். மனைவி சட்டென்று தலையைத் திருப்பிச் சுவரைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வை எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்தது.

புதுவருடம் கழிந்ததும் மகள் தாயோடு குசினியில் கதைத்தாள். பேத்திக்கு அந்த வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினை. மகள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். பிள்ளையை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்வர ஆளில்லை. சோதினை முடியட்டும், வந்துவிடுகிறேன் என்று மனைவி என்னிடம் சொன்னாள். அவளுக்கும் போக மனமில்லை என்பது தெரிந்தது. நான் போகாதே என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பாளோ என்னவோ. பிள்ளை பக்கத்தில் நின்றது, நான் சொல்லவில்லை.

பஸ்ஸில் பைகளை ஏற்றிவிட்டு யன்னலுக்குக் கீழே நின்றேன். அவள் குனிந்தாள்.

"சுவரில கை வைக்காதேங்கோ. நான் வந்தாப்பிறகு தொடங்குங்கோ. இந்த முறை நான் இருந்து பாக்கிறன்."

ஓம் என்றேன்.

அன்றிலிருந்து அவளுடைய போனில் ஒரு கேள்வி கூடியிருக்கிறது. சாப்பிட்டீங்களோ, என்ன கறி, சுவரில கை வைக்கேல்லைத்தானே. இல்லை என்பேன். நான் பூசியதையும் தேய்த்ததையும் பற்றி ஒருநாளும் ஒருவரும் கேட்டதில்லை. செய்யாமல் இருப்பதைப் பற்றி இப்போது தினமும் ஒருத்தி கேட்கிறாள். சிலநாள் அந்தக் கேள்விக்காகவே பின்னேரம் ஆகும்வரை காத்திருக்கிறேன். பலகைத் துண்டுகளில் ஏதாவது செய்கிறேன், மனம் ஒட்டவில்லை. தகரங்களில் பெயின்ற் ஆடை கட்டிவிட்டது. தம்பி இப்போதும் வந்து கதிரையில் இருக்கிறான். சுவரைப் பற்றிக் கதைப்பதில்லை, வலையைப் பற்றிக் கதைக்கிறான்.

பேத்தியின் சோதினை முடிந்துவிட்டது. நல்ல புள்ளி என்றார்கள், வாழ்த்துச் சொன்னேன். வாடை தொடங்கிவிட்டது. எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நேற்றும் போன் எடுத்தாள். சாப்பிட்டேன், பாரை மீன் கறி என்றேன். கை வைக்கவில்லை என்றேன்.